போயிட்டு வா

கரியாஹாட் கடைத்தெரு நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய ரப்பர் பாய்களை இடுக்கிக்கொண்டு மாதங்கி தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். மே மாதத்து மதியம். தெருவில் ஒரு நாய்கூட அசையவில்லை. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனையும், கீழ்வீட்டு மீன் குழம்பின் கடுகு வாசனையும் கலந்திருந்தன.

அப்பா விட்டுப்போன வீடு. மேல்மாடியில் மாதங்கி தனியாக இருந்தாள். கீழே, ஓய்வுபெற்ற வாத்தியார் கங்குலி. நடுமாடியில், குளிர்காலத்தில் குடிவந்த ஹரிஷங்கர், ஸ்னேகா, அவர்களின் மூன்று வயதுப் பெண். வித்யாலக்ஷ்மி என்று பெயர் வைத்திருந்தார்கள்; தெருவே மிட்டு என்றுதான் கூப்பிட்டது.

கங்குலி தன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"ஷோனோ மா, கேளும்மா," என்று வங்காள மொழியில் ஆரம்பித்தார். "சாப்பிட்டுக் கண்ணை மூடினா தலைக்கு மேல ரேஸ்கோர்ஸ். குதிரை மட்டும்தான் கனைக்கலை. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு, தெரியுமில்ல?"

"பாய் வாங்கியிருக்கேன், காக்கு. இனிமே சத்தம் வராது." சித்தப்பா முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அந்தக் கீச்சுக் கீச்சு செருப்பு?"

"அதையும் பாத்துக்கறேன்."

மதியச் சோற்றுக்குப் பின் வரும் தூக்கத்தில் யாராவது கை வைத்தால் கங்குலி போன்ற ஆள் கோர்ட்டுக்கே போவார். மாதங்கிக்கு அது தெரியும். நடுமாடிக் கூடம் முழுக்கப் பாய் விரித்தாள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினாள். குழந்தை ஓட வேண்டுமென்றால் சாயங்காலம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகும்படி ஸ்னேகாவிடம் சொன்னாள். நடந்தால் கீச்சிடும் மிட்டுவின் சிவப்பு ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பெரியவளானதும் தரேன்."

"பெரியவளானா கால் நுழையாது, மாமி," என்று ஸ்னேகா சிரித்தாள்.

புகார் நிற்கவில்லை.

"அந்த நேரத்துல அவ தூங்கறா, மாமி. ப்ராமிஸ்," என்றாள் ஸ்னேகா. மாதங்கி நம்பவில்லை. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். இது தொடர்ந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நாசூக்காகச் சொல்லியும் விட்டாள்.

ஒரு மதியம் கங்குலி போன் செய்தார். "இப்ப வந்து கேளு."

மாதங்கி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனாள். நடுமாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. ஸ்னேகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிட்டு, வாய் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை.

தட். தட். தட்.

வெறுங்கால் சத்தம். ஜன்னலிலிருந்து சமையலறை வரை ஓடியது. திரும்பியது. ரப்பர் பாயில் ஒரு சின்னக் குழி விழுந்து, மெல்ல எழும்பியது. அடுத்த குழி, அதற்கு முன்னால்.

"இப்ப நம்பறேளா?" ஸ்னேகாவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"எப்பலேர்ந்து?"

"வந்ததுலேர்ந்து. சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவேளோன்னு பயம். அட்வான்ஸ் குடுத்துட்டோம், எங்க போவோம்?" அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இவளைக் கூப்பிடறது, மாமி. தூக்கத்துலயே கையை நீட்டறா. ஒருநாள் எழுந்து கூடவே போயிடுவாளோன்னு இருக்கு. நீங்கதானே வீட்டுக்காரி? நீங்க சொன்னாத்தான் காலி பண்ணும். போன்னு சொல்லுங்கோ."

சத்தம் மாதங்கியை நோக்கி வந்தது.

நின்றது.

புளித்த பால் வாடை. முழங்கால் உயரத்தில் அவள் புடவையை ஏதோ பிடித்து இழுத்தது. குழந்தைகள் இழுப்பது போலவே, லேசாக.

எத்தனையோ பேரைக் காலி செய்யச் சொன்னவள்தான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரிடமும் அவள் வெறும் 'போ' என்று சொன்னதில்லை. அபசகுனம். பழகிய நாக்கு பழகியதைச் சொன்னது.

"சரிடா கண்ணா. போயிட்டு வா."

புடவை தளர்ந்தது. காலடிகள் படியிறங்கின. வெளி கேட் கிறீச்சிட்டது.

ஸ்னேகாவின் முகம் வெளுத்திருந்தது.

"மாமி... வான்னு சொல்லிட்டேளே."

"வாய்ப்பழக்கம்டி. போயிடுத்து பாரு. அவ்வளவுதான்."

வீடு அமைதியானது. கங்குலி சந்தேஷ் மிட்டாய் டப்பாவுடன் மேலே ஏறி வந்து, "அலிப்பூர் கோர்ட்டுல ஜட்ஜா இருக்க வேண்டியவ நீ," என்று புகழ்ந்துவிட்டுத் தூங்கப் போனார்.

மிட்டுவும் அமைதியானாள்.

அவள் ஓடவில்லை. விளையாடவில்லை. சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு நாள் முழுக்க வாசற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அது வரும். மாமி வரச் சொன்னா."

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இறங்கியது, மறுபடி ஏறியது. டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஹரிஷங்கர் ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சிப் பக்கம் வீடு பார்த்தான்.

சாமான் வண்டி புறப்பட்ட மதியம் மாதங்கி கேட்டருகே நின்றாள். அப்பாவின் தோளில் மிட்டு துணி மாதிரித் துவண்டு கிடந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கோ, மாமி," என்றாள் ஸ்னேகா. "தயவுசெஞ்சு."

மாதங்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. ஜன்னல் வழியே ஒரு மெலிந்த கை நீண்டு ஆடியது. "டாட்டா, மாமி."

"போயிட்டு வா, கண்ணா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஸ்னேகா திரும்பிப் பார்க்கவில்லை.

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டும் நாட்கள். மூங்கில் அடிக்கும் சத்தம் கூட மதியத்தில் ஓய்ந்திருந்தது. பூட்டிய நடுமாடிக்கு இன்னும் ஆள் வரவில்லை. மிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஹரிஷங்கர் சொல்லியிருந்தான். மாதங்கி போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வாள்?

கங்குலி போன் செய்தார்.

"புதுசா ஆள் வெச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே, மா? முன்னாடி ஒண்ணு. இப்ப ரெண்டா?"

"யாரும் வரலையே, காக்கு."

"என் காது இன்னும் செத்துப்போகலை. ஒண்ணு வெறுங்கால். இன்னொண்ணு அந்தக் கீச்சுக் கீச்சு."

மாதங்கி அலமாரியைத் திறந்தாள். சிவப்பு ஷூக்கள் இருந்த இடத்தில், தூசியில் இரண்டு சின்ன அச்சுகள் மட்டும் இருந்தன.

கையிலேயே போன் மறுபடி அடித்தது. ஹரிஷங்கர்.

"மாமி... மிட்டு... இப்பதான்..."

அவனால் முடிக்க முடியவில்லை. பின்னால் ஸ்னேகாவின் அலறல் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

கீழே ஓட்டம் நின்றிருந்தது.

பூட்டிய கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. படியில் காலடிகள் மட்டும் கேட்டன.

தட். கீச். தட். கீச்.

மேலே.

புளித்த பால் வாடை கதவிடுக்கு வழியே வந்தது. கதவின் அடிப்பாகத்தில், முழங்கால் உயரத்தில், யாரோ தட்டினார்கள்.

"மாமி... வந்துட்டோம்."

மாதங்கி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்களை வாசலில் நிற்க வைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

விரல்களுக்குள் நாக்கு அசைந்தது.

"வாங்கோ."