மூலை வெட்டாத தார்ப்பாய்

நிவாரண முகாமில் விசாரணை அதிகாரிக்கு மேசை போட்ட கையோடு முதல் ஆள் வந்துவிட்டாள். குழாயடியில் தண்ணீர் திறந்துவிடுகிறவள். கக்கத்தில் இடுக்கியிருந்த தார்ப்பாயைத் தொப்பென்று தரையில் போட்டாள்.

“என் தங்கச்சி இதுக்கு அடியில படுக்க மாட்டேங்கிறா மேடம். முந்தாநாள் நான் வேலைக்குப் போயிருந்தப்ப வந்திருக்கு. அவ க்யூவுல நிக்கவே இல்ல. யாரு குடுத்தான்னு கேட்டா அழறா. அவளைக் கூப்பிட்டு வச்சு மட்டும் கேட்டுராதீங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா செத்துருவேங்கிறா.”

“கேக்க மாட்டேன்மா. அவளாப் பேசணும்னு தோணினா வரட்டும்” என்றார் அதிகாரி.

உதவிக்கு வந்திருந்த இளம் வக்கீலுக்கு இரத்தம் கொதித்தது. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வெடிப்பதால் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். பாதிக்கப்பட்டவளைக் கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

“லாரி டிரைவர்தான் மேடம். பொண்ணுங்களைக் கண்டாலே இளிக்கிறானாம். முகாமே சொல்லுது.”

“முகாம் சொல்றது இருக்கட்டும். ஸ்டோர் சாவி யார்கிட்ட?”

சாவி இரண்டு. ஒன்று ஸ்டோர் கீப்பரிடம், மற்றது முகாம் பொறுப்பாளரிடம். அதிகாரியும் பட்டாசும் ஸ்டோருக்குப் போனார்கள். ஸ்டோர் கீப்பர் வரிசையில் நின்றவர்கள்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். லாரி பழுதாகிக் கிடந்ததால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுக்கிற தார்ப்பாய் ஒவ்வொன்றிலும் கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டினான்.

“ஏன் மேடம் முறைக்கிறீங்க? பாயைத்தான் வெட்டுறேன்” என்று பட்டாசைப் பார்த்துச் சிரித்தான்.

“எதுக்கு வெட்டுறீங்க?” என்றார் அதிகாரி.

“போன வாரம் நம்ம பாய் சந்தையில விலைக்கு வந்துருச்சு. அன்னிக்கிலேருந்து, கணக்குல குடுக்கிற பாயை அடையாளத்துக்கு வெட்டுறோம்” என்றார் ஸ்டோர் கீப்பர். “அதுக்கப்புறம் வெட்டாத பாய் வெளிய போனா, அது திருட்டுப் பாய்.”

பட்டாசு ஓட்டமாக ஓடி, விசாரணை மேசையடியில் கிடந்த தார்ப்பாயை விரித்துப் பார்த்தாள். நான்கு மூலைகளும் முழுசாக இருந்தன.

மாலையில் அதிகாரி, பட்டாசு, ஸ்டோர் கீப்பர், டிரைவர் எல்லோரும் பொறுப்பாளர் அறையில் கூடினார்கள். பொறுப்பாளர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். புகார்ப் பெட்டியை மாட்டியதே அவர்தான். எல்லோருக்கும் தன் கையாலேயே டீ ஊற்றினார்.

அதிகாரி தார்ப்பாயை மேசையில் வைத்தார். “இது முந்தாநாள் ஸ்டோரிலிருந்து போனது. வெட்டாத பாய் காட்டிக்கொடுத்துரும்னு இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். கத்தரிக்கோலும் இவங்க கையில. இவங்க எடுத்திருந்தா வெட்டியே குடுத்திருப்பாங்க. விஷயமே தெரியாதவர் ஒருத்தர்தான். போன வாரம் இங்க இல்லாதவர்.”

எல்லோர் கண்களும் சுவருக்குப் போயின. அங்கே புத்தம் புதுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. உதவி கேட்டு வரும் பெண்களிடம் ஊழியர்கள் அத்துமீறாமல் தடுப்பது எப்படி என்று தலைமையகத்தில் போன வாரம் நடந்த பயிற்சிக்கானது.

பொறுப்பாளர் புன்னகைத்தார். “ஒரு பாயை இரக்கப்பட்டுக் குடுத்தது தப்பா மேடம்? அந்தப் பொண்ணு தானா வந்து கேட்டா. நான் வற்புறுத்தவே இல்ல.”

“நான் பாயைப் பத்தித்தான் பேசினேன். பொண்ணுன்னு சொல்லல. வற்புறுத்தினீங்களான்னும் கேக்கல.”

பொறுப்பாளர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஸ்டோர் சாவி உங்க கையில, மழை அவ தலையில. இதுல ‘தானா’ எங்கிருந்து சார் வரும்? சாவியை வைங்க.”

சாவி மேசைக்கு வந்தது. ஆனாலும் பட்டாசுக்கு மனசு ஆறவில்லை. “இதே சான்றிதழோட இன்னொரு முகாமுக்குப் போயிருவாரே மேடம்?”

“போக விடக் கூடாது. நம்ம வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு.”

மறுநாள் வரிசையின் கடைசியில் குழாயடிக்காரியும், தலை குனிந்தபடி அவள் தங்கையும் நின்றார்கள். “மசமசன்னு நிக்காத, வாங்கிட்டு நகரு!” என்று ஸ்டோர் கீப்பர் எல்லோரையும் போலவே தங்கையையும் விரட்டினார். அந்தப் பெண் இவள்தான் என்று அவருக்குத் தெரியாது. பட்டாசுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

தங்கை பாயை வாங்கினாள். உடனே நகரவில்லை. மடிப்பைப் பிரித்து, வெட்டிய மூலையைத் தேடிப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.