செல்லாயி வீட்டு வெள்ளாமை

"யோவ் வண்டிக்காரரே! கண்ணு தெரியுதா இல்லையா? என் வெள்ளாமையெல்லாம் போச்சே!"

மழையால் அன்று குனோங் ராபாட் மலையடி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் செல்லாயி போட்டிருந்த தண்டுக்கீரையை ஒரு வண்டிமாடு ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தது. ஓடிவந்து கயிற்றைப் பிடித்த வண்டிக்காரன் சின்னையா நிமிர்ந்து பார்த்தான். நனைந்த மீசை... அதற்கு மேலே சிரிக்கிற இரண்டு கண்கள்... வாய்வரை வந்த அடுத்த வசவு அவளுக்கு மறந்தே போனது.

"ரெண்டு பாத்திக் கீரைக்குப் பேரு வெள்ளாமையா? எங்க தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லு வெளைஞ்சாத்தான் வெள்ளாமை."

"எங்க சேலத்துல மண்ணுல எது வெளைஞ்சாலும் வெள்ளாமைதான்! இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதீங்க!"

வைத்தான். அடுத்த வாரமே ஒரு வண்டி எருவோடு வந்து நின்றான்.

"மாடு தின்னத மாடே திருப்பிக் குடுக்குது லா..."

சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அந்த ரோஷக்காரி. எருவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கீரை மறுபடி தழைத்தது. அதற்குள் அவளுக்கு அண்ணன் பிச்சைமுத்து தைப்பிங்கில் மாப்பிள்ளை பார்த்திருந்தான். நாளைக்கு வெற்றிலை மாற்ற வருகிறார்கள். வாராவாரம் ஏதோ சாக்குச் சொல்லி வருகிற இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

தூறலில் நனைந்தபடி வந்தான் சின்னையா.

"ஈப்போவுல ஒரு தமிழ் வாத்தியாரக் கேட்டுட்டேன். வேளாண்மைதான் பேச்சுல வெள்ளாமையாச்சாம். வந்தவங்களுக்கு உபகாரம் பண்றதையும் அந்தக் காலத்துல வேளாண்மைன்னுதான் சொல்லுவாங்களாம்."

"இதச் சொல்லவா மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இதையும்... சொல்லத்தான்."

அந்த 'இதையும்' அவளுக்குப் போதும். குனிந்து, இளங்கீரையில் ஒரு கட்டு பறித்து நீட்டினாள். விரல்கள் பட்டுக்கொண்டன.

"செல்லாயி!" கதவோரம் அண்ணன். "மொதப் பறிப்பு வீட்டாளுங்க வாயிலதான் படணும், தெரியாதா? வந்தவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குற?"

சின்னையா பதறிப்போய்க் கட்டைத் திருப்பி நீட்டினான். "தெரியாம வாங்கிட்டேண்ணே..."

வந்தவருக்கு உபகாரம் பண்ணினேன் என்றால் தப்பித்துவிடலாம். வாத்தியாரே சொன்ன அர்த்தம். ஆனால் நாளைக்கு வெற்றிலை மாறிவிடும்... அவள் கீரையை அவன் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"விருந்தாளின்னு குடுக்கலண்ணே. இவர நம்ம வீட்டாளுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

பிச்சைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கதவை விட்டு விலகி நின்றான்.

"மழையில நின்னு பேசுற பேச்சா இது? ரெண்டு பேரும் உள்ள வாங்க."