இயல்பு மதிப்பு: இல்லை

காலையில் குடிநீர் வண்டி வாசலில் நின்று, "எண் சொல்லவும்" என்று கேட்கும். தமயந்தி "நாலு" என்றால் நாலு குடம் ஊற்றும். "வழக்கம்போல" என்றவர்களுக்கு ஒரு சொட்டும் விழாது. திருவொற்றியூருக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

அரசின் முடிவுகளை இப்போது எடுப்பவை கணினியில் சேமித்த செயல்முறைகள். ஜனங்கள் சுருக்கமாகப் புரொசீஜர் என்பார்கள். முன்பெல்லாம் அதனிடம் யாரும் எதையும் சொல்லலாம். வயதைக் கேட்டால், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசு" என்றார்கள்; இயந்திரம் திகைத்து நின்றது. பிறகு வகை அறிவிப்புத் துறை வந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு பதிலும் எண்ணா, எழுத்தா, தேதியா, ஆம்-இல்லையா என்று முன்பே அறிவிக்கப்பட்டது. பொருந்தாத பதில் வந்தால், துறை நிர்ணயித்த இயல்பு மதிப்பு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். "மனிதகுலம் குழப்பத்திலிருந்து விடுதலை பெற்ற நாள்" என்று திறப்பு விழாவில் இயக்குநர் வில்லவராயன் நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சு என்ன வகை என்று யாரும் கேட்கவில்லை.

கடல் தெருவுக்குள் வந்துவிட்டதால் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். தமயந்திக்கு ஓசூரில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். கணவன் இறந்தபின் மாமியார் பங்கஜவல்லி சட்டப்படி அவள் குடும்பமல்ல. ஆகவே புரொசீஜர் இருவரையும் தனித்தனி அறைக்கு அழைத்தது.

"மருமகளுடன் செல்ல விருப்பமா?"

"அவ சின்னப் பொண்ணு. நாம பாரமா இருக்கக் கூடாது பாருங்க. அவ எப்படிச் சொல்றாளோ அப்படி," என்றாள் பங்கஜவல்லி.

பக்கத்து அறையில், "மாமியாரை உடன் ஏற்கிறீர்களா?"

"அத்தை இஷ்டம்தாங்க. நான் எப்படிக் கட்டாயப்படுத்துறது?"

மறுநாள் முடிவு வந்தது. தமயந்தி ஓசூருக்கு, பங்கஜவல்லி வேலூர் முதியோர் குடியிருப்புக்கு.

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"நீ சொல்றபடின்னேன். நீ?"

"நீங்க சொல்றபடின்னேன்."

பங்கஜவல்லி சிரித்துவிட்டாள். தமயந்தியால் முடியவில்லை. துறை அலுவலகத்துக்கு ஓடினாள். வில்லவராயனே அவளை உட்காரச் சொன்னார்.

"புரொசீஜர்ல ஏதோ தப்பாயிடுச்சு சார்."

"தப்பே இல்லம்மா. நானே பார்த்தேன். ரெண்டு உள்ளீடும் ஆம்-இல்லை வகை. ரெண்டு பதிலும் பொருந்தல. இயல்பு மதிப்பு 'இல்லை'. எவ்வளவு சுத்தமா ஓடியிருக்கு தெரியுமா? பயிற்சி வகுப்புல காட்டலாம்னு இருக்கோம்."

"இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க. ஆமான்னு சொல்லிடுறோம்."

"இடமாற்றத்துக்கு ஆளுக்கு ஒரே அழைப்புதான். திரும்பத் திரும்பக் கேட்டா அப்புறம் அது அரசாங்கமா, சம்பந்தி வீடா?"

"நீங்களா இருந்தா உங்க அம்மா விஷயத்துல என்ன சார் சொல்லியிருப்பீங்க?"

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... வீட்ல ஒரு வார்த்தை கேட்டுத்தான் சொல்லணும்."

வேலூர்ப் பேருந்து முதலில் கிளம்புவதாக இருந்தது. பங்கஜவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓசூரில் குளிரும், காதை மூடிக்கொள், ராத்திரியில் தயிர் சாப்பிடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தமயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. என்கூட வரணும்னு இருந்துச்சா?"

பங்கஜவல்லி முந்தானையைச் சரிசெய்தாள். சாலையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம். நீ சாப்பிட்டியா?"

பேருந்து நகர்ந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை தமயந்தி அத்தையின்மேல் கோபமாகவே நின்றாள். அதன்பிறகுதான், தானும் இத்தனை நாளில் ஒரு தடவைகூட 'என்கூட வாங்க அத்தை' என்று சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.