நித்திரையால் எழும்பாத கணினி

கால்சா என்ற பகுதியில், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சின்னத் தெரு ஒன்றில், சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கும். டிசம்பர் வந்துவிட்டால் பாதி நேரம் படிப்பு. மீதி நேரம் கிறிஸ்மஸ் ஒளி விழாவுக்கான ஒத்திகை. இந்த வருடம் கோலாட்டம். பதினொரு வயது மொனிகாவும் பத்து வயது கிரிசாந்தும் ஒரு சோடி.

பாட்டு வகுப்புக் கணினியில் இருந்தது. அதைப் போடுவது கிரிசாந்தின் வேலை.

அன்று யோகாம்பாள் ரீச்சர் ஒத்திகையை நிறுத்தி, எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று நெடுநேரம் விளக்கினார். அதற்குள் திரை இருண்டு, கணினி நித்திரைக்குப் போய்விட்டது.

"சரி, முதலிலையிருந்து ஆடுவம். கிரிசாந், பாட்டைப் போடு."

கிரிசாந் ஒரு விசையைத் தட்டினான். உள்ளே விசிறி உர்ரென்று சுற்றியது. சின்ன விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. இன்னொரு விசையைத் தட்டினான். மவுஸை அசைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"திருப்பியும் என்ன செய்தனி?" ரீச்சரின் குரல் உயர்ந்தது. "போன சனிக்கிழமையும் உன்ரை கை பட்டுத்தான் இப்பிடி நிண்டது. நான் அடிச்சு வைச்ச நிகழ்ச்சி நிரல் முழுக்க அழிஞ்சு போச்சு."

"நான் ஒண்டும் செய்யேல்லை ரீச்சர். சும்மா ஒருக்காத் தட்டினனான்."

"கேம் விளையாடப் போய் எதையோ மாத்தியிருக்கிறாய். இனி அந்த மேசைக்குக் கிட்டப் போகக் கூடாது."

கிரிசாந் கோல்களைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மொனிகா பின்னாலேயே போனாள். அவன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி சுவரோடு நின்றான்.

"உள்ளை வா. குளிருது."

"வரேல்லை. நான் கேமே விளையாடேல்லை. ஆர் நம்பினது? இனிக் கோலாட்டத்துக்கும் வரமாட்டன்."

"அப்ப நான் ஆரோடை கோல் அடிக்கிறது? சுவரோடையோ?"

வேறு நாளாக இருந்தால் கிரிசாந் சிரித்திருப்பான். இன்று அவன் கண்கள் கலங்கியிருந்தன.

மொனிகா யோசித்தாள். இரண்டு முறையும் அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவன் கணினியை எழுப்பத்தான் பார்த்தான். அப்படியென்றால் அவன் இல்லாவிட்டாலும் கணினி இப்படித்தானே நிற்கும்? இதைச் செய்து பார்த்தால் தெரிந்துவிடுமே!

அவள் உள்ளே ஓடினாள்.

"ரீச்சர், கணினியை அணைச்சுப் போட்டுத் திருப்பிப் போடுவம். பிறகு அது தானா நித்திரைக்குப் போகட்டும். ஒருத்தரும் தொடக் கூடாது. கிரிசாந் வெளியிலைதான் நிக்கிறான். நீங்களே எழுப்பிப் பாருங்கோ."

ரீச்சர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சம்மதித்தார். கணினியை அணைத்துப் போட்டதும் அது ஒழுங்காக வேலை செய்தது. எல்லோரும் பாடம் வாசித்துக்கொண்டே காத்திருந்தார்கள். கடைசியில் திரை இருண்டது.

ரீச்சர் எழுந்து போய் ஒரு விசையை மெதுவாகத் தட்டினார்.

விசிறி உர்ரென்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

"ரீச்சர் உடைச்சுப் போட்டா!" என்று கத்தினான் ஏழு வயது அமலன்.

வகுப்பே சிரித்தது. ரீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சட்டென்று அவர் முகம் மாறியது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஜோக்கிம் அண்ணையைக் கேட்பம் ரீச்சர்," என்றாள் மொனிகா.

ஜோக்கிம், வியா மக்வேதா என்ற தெருவில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்பவர். வகுப்புக்கு இந்தக் கணினியைப் பொருத்திக் கொடுத்ததும் அவர்தான். ரீச்சர் கைபேசியில் அழைத்து மொனிகாவிடம் நீட்டினார்.

"அண்ணை, நித்திரைக்குப் போனால் மட்டும்தான் கணினி எழும்புதில்லை. அணைச்சுப் போட்டால் நல்லா வேலை செய்யுது. எழுப்பேக்கை விசிறி சுத்துது, லைற் எரியுது, திரைதான் வரேல்லை. ஆர் தட்டினாலும் அப்பிடித்தான்."

"நல்லாப் பாத்திருக்கிறாய். அப்ப ஒருத்தரும் உடைக்கேல்லை. மதர்போர்ட்டிலை இருக்கிற பிழை போலை. திருப்பிப் போடு. தொடங்கேக்கை ஒரு பேரும் இலக்கமும் வரும், அதை வாசி."

மொனிகா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். மறுமுனையில் டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"இருக்குது! நித்திரைப் பிழையைத் திருத்தி அப்டேற் விட்டிருக்கிறாங்கள். மத்தியானம் கடை பூட்டின உடனை கொண்டு வாறன்."

ரீச்சர் கதவடிக்குப் போனார். "கிரிசாந், உள்ளை வா. குளிரிலை நிக்காதை."

அவன் வந்தான். ஆனால் கணினியிலிருந்து எவ்வளவு தூரம் இருக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் போய் உட்கார்ந்தான்.

ஜோக்கிம் பென் டிரைவோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"மதர்போர்ட் எண்டால் கணினிக்கும் அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டான் அமலன்.

"ஓம். கணினியை நித்திரையாக்கிறதும் எழுப்புறதும் அவதான். எழுப்புற முறை அவவுக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்திருக்கு. இப்ப சரியான முறையைச் சொல்லிக் குடுக்கப் போறம்."

"நித்திரைக்கே போகாமல் வைக்க ஏலாதோ?" என்றார் ரீச்சர்.

"ஏலும். ஆனா நீங்கள் அணைக்க மறந்து போனால் கிழமை முழுக்கச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். திருத்துறதுதான் நல்லது. ஒரேயொரு பயம். இது நடக்கேக்கை கரண்ட் போகக் கூடாது. போனால் பிறகு கணினி எழும்பவே எழும்பாது."

மொனிகா குறுக்கிட்டாள். "அண்ணை, தொடங்காதேங்கோ!"

இந்தக் கட்டடத்தில் கரண்ட் போவது புதிதில்லை. சமையலறையில் அடுப்பு, வகுப்பில் ஹீற்றர், தண்ணீர்க் கேத்தல், இவற்றில் இரண்டு சேர்ந்தாலே சில நேரம் மின்மானியின் சுவிட்ச் டப்பென்று விழுந்து கரண்ட் நின்றுவிடும். இன்று சமையலறையில் எமிலியானா அக்கா விழாவுக்குக் கேக் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மொனிகா அங்கே ஓடினாள். "அக்கா, அடுப்பைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவீங்களோ?"

"ஐயோ பிள்ளை, இப்பதான் வைச்சனான். நிப்பாட்டினால் கேக் அமந்து போகும்."

கேக்கும் பாவம்தான். மொனிகா திரும்பி வந்தாள். "எல்லாரும் ஜக்கெற்றைப் போடுங்கோ. ஹீற்றரை நிப்பாட்டப் போறன். கேத்தல் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. கிரிசாந், நீ கேத்தலுக்குக் காவல்."

"நானோ?"

"நீதான்."

கிரிசாந் எழுந்து போய்க் கேத்தலுக்கு முன்னால் நின்றான்.

ஜோக்கிம் வேலையைத் தொடங்கினார். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. அறை குளிர்ந்துகொண்டு வந்தது. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, கட்டடத்தின் சாவியை வைத்திருக்கும் அருளம்பலம் அங்கிள் கோப்பையோடு வந்தார். கேத்தல் பக்கம் கையை நீட்டினார்.

"அஸ்பெத்தா, அங்கிள்! பொறுங்கோ!" கிரிசாந் இரண்டு கைகளையும் விரித்து மறித்தான்.

"என்னடா, ஒரு தேத்தண்ணிதானே?"

"இப்ப தேத்தண்ணி போட்டால் இந்த வருசம் கோலாட்டம் இல்லை!"

அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்து, வெறுங்கோப்பையோடு ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீலக் கோடு முடிவைத் தொட்டது. கணினி தானாக அணைந்து, மறுபடி தொடங்கியது. ஜோக்கிம் பாட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கணினியை நித்திரைக்கு அனுப்பினார்.

"எழுப்பிப் பாருங்கோ ரீச்சர்."

ரீச்சர் அசையவில்லை. "கிரிசாந், நீ வந்து எழுப்பு."

"கிட்டப் போகக் கூடாது எண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான். விசாரிக்காமல் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான். வா ராசா."

கிரிசாந் மேசைக்கு வந்தான். மொனிகாவைப் பார்த்தான். பிறகு ஒரு விரலால் ஒரு விசையைத் தட்டினான்.

விசிறி சுற்றியது. திரை பளிச்சென்று வந்தது. திறந்து வைத்த பாட்டு அப்படியே இருந்தது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் எமிலியானா அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அருளம்பலம் அங்கிள் கேத்தலைப் போடலாமா என்று கிரிசாந்திடம் அனுமதி கேட்டார்.

பாட்டுத் தொடங்கியது. சோடிகள் வட்டமாக நின்று கோல்களைத் தட்டின. மூன்றாவது அடியில் கிரிசாந் வலக்காலுக்குப் பதில் இடக்காலை வைத்து, மொனிகாவின் மேல் மோதினான்.

"கிரிசாந், பிழை!" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், இது நான்தான்!" என்றான் கிரிசாந் சிரித்துக்கொண்டே.