டேப் சுற்றிய கனெக்டர்

சுரேந்தர் அந்தப் பழைய காரை டெம்போவில் கயிறு கட்டி இழுத்து வந்து, சோமனூரில் ஜெரால்டின் ஷெட்டில் விட்டபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு நின்றது. ஊரெல்லாம் கரண்ட் இல்லை. தறிச் சத்தம் கேட்காத சோமனூர் எழவு வீடு மாதிரி கிடந்தது.

“மாமனார் வண்டிங்ணா. அவரு போய்ச் சேந்ததுலிருந்து வெள்ளகோவில் தோப்புல சும்மா நின்னுச்சு. ஓடறப்பவே திணறும்னு சொல்லுவாரு. சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா வித்துப்போடுவேன்.”

“ஏனுங்க, நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலியா?”

“நான் சாவியே தொடலீங்” என்றவன், துண்டில் சுற்றியிருந்த சாவியை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு டெம்போவில் ஏறிப் பறந்தான்.

துண்டில் சுற்றிய சாவியைப் பார்த்தாவது ஜெரால்டுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! பானட்டைத் திறந்துவிட்டால் அந்த ஆளுக்கு மனுசன் முகமெல்லாம் கண்ணிலேயே படாது. புது பேட்டரி மாட்டி, டைமிங் லைட்டை எடுத்தான். அதன் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும்போது, பெல்ட் மாட்டி ஓடுகிற புல்லிச் சக்கரம் அப்படியே நிற்பதுபோல் தெரியும். புல்லியிலுள்ள வெள்ளைக் கோடு அளவுக் குறியோடு சேர்ந்தால், பெட்ரோலில் பொறி விழும் டைமிங் சரி.

சோறு கொண்டுவந்த மனைவி ஜோஸ்லினைக் கூப்பிட்டான். தாய் தகப்பன் இல்லாத அவனுக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

“கண்ணு, உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணு. ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்காத.”

“சோறு ஆறிப்போகுமுங்க” என்று அலுத்துக்கொண்டே அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது.

வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில், சோதனைக்கென்றே விட்டிருக்கும் செக் கனெக்டரில் ஒரு ஒயரைக் குத்தி இணைத்தால்தான் கோடு நிலைக்கும். ஆனால் அங்கே ஒரே மாதிரி இரண்டு கனெக்டர்கள் தொங்கின. ஒன்று திறந்திருந்தது, அதில் குத்திப் பார்த்தான். கோடு இன்னும் அலைந்தது. அப்படியானால் மற்றதுதான்.

அதைச் சுற்றிக் கறுப்பு டேப், கை கனத்துக்கு. வேலையில்லாத கனெக்டரில் தூசி போகாமலிருக்க டேப் சுற்றுவது மெக்கானிக்குகளின் வழக்கம்தான். அப்படித்தான் எவனோ சுற்றியிருக்கிறான் என்று பிளேடால் கிழித்தான்.

அழுகிய இறைச்சி வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே ஏதோ மஞ்சளாகச் செருகியிருந்தது. நெம்பினான். அது அவன் உள்ளங்கையில் விழுந்தது.

மனுச நகம். அடியில் கிரீஸ்.

“சீ!” என்று உதறிவிட்டு, எலி கிலி கொண்டுவந்து போட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒயரைக் குத்தினான். கோடு டக்கென்று நின்றது.

கோட்டுக்குப் பக்கத்தில் நான்கு விரல்கள் பெல்ட்டைப் பற்றியிருந்தன.

லைட்டை விலக்கினான். வெறும் புல்லி.

மறுபடி அடித்தான். விரல்கள் இப்போது பெல்ட்டில் இல்லை. டேஷ்போர்டுப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன.

என்ஜின் வீறிட்டது.

“கால எடு கண்ணு!”

“நான் காலே வெக்கலீங்க! சாவிய அணைக்க உட மாட்டேங்குது... ஏனுங்க, என் கையப் புடிச்சிருக்குது!”

கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜோஸ்லினின் வலது கை சாவியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. தோல் கிழிந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. அவள் மாதாவைக் கூப்பிட்டு அலறினாள்.

கனெக்டர். அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும்.

பாய்ந்து கையை விட்டான். ஒயர் விரலில் பட்டதுதான் தாமதம், கீழிருந்து ஏதோ அவன் இடது கையை இழுத்துப் பெல்ட்டுக்குள் கொடுத்தது. விரல்கள் நறநறவென்று நசுங்கின. பானட் முழுக்க ரத்தம் தெறித்தது. கல்யாண மோதிரம் விரலோடு எகிறித் தரையில் உருண்டது. அப்படியும் அவன் விடவில்லை. வலது கையால் ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

என்ஜின் செத்தது.

இருட்டியபிறகு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு சுரேந்தர் ஓடிவந்தான். அழுதான்.

“மன்னிச்சுப்போடுங்ணா. ராசப்பன்னு ஒரு மெக்கானிக். அந்தக் கனெக்டர்ல கை வெச்சிருக்கறப்ப, வாய்ச்சண்டை முத்தி, எங்க மாமனாரு வேணும்னே சாவியத் திருப்பிட்டாரு. பெல்ட்டு கையோட கழுத்துத் துண்டையும் சேத்து இழுத்துருச்சு. அங்கியே முடிஞ்சுட்டாரு. அப்புறந்தான் மாமனாரு அதுல சிக்குன நகத்தோட டேப் சுத்துனது.”

“உங்க மாமனாரு எப்படிச் செத்தாரு?”

சுரேந்தர் குரலைத் தாழ்த்தினான். “தூக்கத்துலீங். சாவி திருப்புன கை மட்டும் மணிக்கட்டோட நொறுங்கிக் கெடந்துச்சு.”

அவன் போனபிறகு ஜெரால்டு திரும்பிப் பார்த்தான். கட்டிலோரம் நாற்காலியில், வலது மணிக்கட்டில் கட்டோடு ஜோஸ்லின் கண்ணயர்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும்.

மேலே ட்யூப் லைட் வெட்டி வெட்டி எரியத் தொடங்கியது.

“ஏனுங்க” என்று அவள் கண் திறக்காமலே முனகினாள். “கைய இப்படி இறுக்காதீங்க. வலிக்குது.”

அவனுடைய இடது கை நெஞ்சின்மேல் கட்டுக்குள் கிடந்தது. வலது கை அந்தப் பக்கம், குளுக்கோஸ் ஊசியில்.

வெளிச்சம் வெட்டியது. அவள் மணிக்கட்டை ஐந்து கிரீஸ் விரல்கள் பற்றியிருந்தன. அதில் சுட்டுவிரலுக்கு நகமில்லை.

அடுத்த வெட்டு வருவதற்குள், எலும்பு முறியும் சத்தம் கேட்டது.