8080-ல் அவன் வெளியேறவில்லை

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. கவரப்பேட்டை தாண்டி, தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் உடல்.

கூட்ஸ் வண்டி டிரைவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார்.

சட்டைப் பையில் கம்பெனி கார்டு. பெயர் அன்புராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன்.

ஓட்டியவன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்த ஆலையில் அஃப்ஸானாவின் மேஜை போன் அடித்தது.

மேனேஜர் சுப்பராயன். இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாராம். சனிக்கிழமை வருகைப் பதிவை பிரிண்ட் எடுத்துத் தர வேண்டுமாம்.

அஃப்ஸானாவுக்கு இருபத்தைந்து வயது. பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அந்த ஆலையின் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் மொத்தமும் அவள் ஒருத்திதான்.

மேனேஜர் அறையில் இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். சுப்பராயனின் கம்ப்யூட்டரில் வருகைப் பதிவு திறந்திருந்தது.

அன்புராஜ். உள்ளே 5.52. வெளியே 2.07.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சி போயிட்டான் சார்," என்றார் சுப்பராயன். "குடிச்சிட்டு எங்க விழுந்தானோ... நான் அன்னிக்கு மத்தியானமே திருநின்றவூர் வீட்டுக்குப் போயிட்டேன்."

அஃப்ஸானா பிரிண்ட் கொடுத்தாள். கொடுக்கும்போது திரையின் மேலே இருந்த முகவரியைப் பார்த்தாள்.

கடைசியில் 8090.

மறுபடி பார்த்தாள். 8090-தான்.

ஒரே கம்ப்யூட்டரில் பல புரோகிராம் ஓடலாம். எது எதுவென்று பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் நம்பர். வெப்சைட் என்றால் வழக்கமாக 80. அதை யாரும் டைப் செய்வதுகூட இல்லை. அந்த சர்வரில் 80-ஐ ஸ்டோர்ஸ் புரோகிராம் பிடித்துக்கொண்டதால், வருகைப் பதிவுக்கு அஃப்ஸானா கொடுத்த நம்பர் 8080.

8090-ஐ அவள் கொடுக்கவில்லை.

தன் அறைக்கு வந்து 8080-ஐத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டே பேருக்கு. அவளுக்கும் சுப்பராயனுக்கும்.

மறுபடி ஓடவிட்டாள்.

கேட்டில் கார்டு தேய்க்கிற மெஷினுக்குத் தெரிந்த ஒரே நம்பர் 8080. சர்வர் நின்றுபோனால் பதிவுகளைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். இப்போது இரண்டு நாள் சேர்த்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டியது.

அன்புராஜ். உள்ளே 5.52.

வெளியே... காலி.

அதற்குக் கீழே இன்னொரு வரி. சுப்பராயன். வெளியே, மாலை 7.20. கம்பெனி வேன். மறுபடி உள்ளே, 8.05.

கார்டு தேய்க்காமல் அந்த கேட் யாருக்கும் திறக்காது. மேனேஜருக்கும்தான்.

இப்போது அவளுக்குப் புரிந்தது. பதிவைக் காப்பி எடுத்து, 2.07 என்று ஒரு பொய்யைச் சேர்த்திருக்கிறார்கள். அதை 8080-லேயே வைத்தால் கேட் மெஷின் உண்மையைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அதனால்தான் 8090.

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர். தனியாக.

'அல்லாஹ்வே, நல்ல நேரத்துக்கு வந்தாரு' என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினாள். அவர் பொறுமையாகப் படித்தார். சந்தேகம்கூடக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"நிறுத்திடு."

"சார்?"

"இன்னா சாரு? இந்த 8080-ஐ நிறுத்துன்றேன். உங்க வாப்பா பழவேற்காட்டுல எறா யாவாரம் பண்றாரு இல்ல? நல்ல மனுசன். வயசான காலத்துல அவரு பேஜார் ஆவ வேணாம்."

அஃப்ஸானா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். நிறுத்தினாள்.

ராஜமாணிக்கம் நம்பவில்லை. ஒற்றை விரலால் தானே 8080 என்று டைப் செய்து பார்த்தார். பக்கம் வரவில்லை. திருப்தியோடு போனார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனமில்லாமல் அஃப்ஸானா கேட்டுக்கு நடந்தாள். வெளியே வேப்ப மர நிழலில் அன்புராஜின் மனைவி அருணா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறாளாம். உள்ளே விடவில்லையாம்.

"சனிக்கெழம ரெண்டு மணிக்கு நான் இந்த கேட்டாண்டதான் மேடம் நின்னுக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு அவர இட்டுக்கினு போவ வந்தேன். அவரு வெளியவே வரல. சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"நான் நம்புறேன்," என்றாள் அஃப்ஸானா.

ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தாள். திருவள்ளூருக்குப் போகச் சொன்னாள். எஸ்.பி. ஆபீசில் யாரையாவது பிடித்து, இதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி.

மேனேஜர் அறைக்குள் டி.எஸ்.பி. நுழைந்தபோது சுப்பராயனும் ராஜமாணிக்கமும் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பேப்பரை மேஜையில் போட்டார். வருகைப் பதிவு. அன்புராஜ் வெளியேறாத பதிவு.

சுப்பராயன் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கிரேன் சங்கிலி தேய்ந்துபோனதை அன்புராஜ் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தானாம். சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அது அறுந்து, கீழே நின்று கிரேனை இயக்கிக்கொண்டிருந்த அவன் மேலேயே விழுந்ததாம். வெளியே தெரிந்தால் ஆலைக்கு சீல் வைத்துவிடுவார்களாம். மீதியை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம்.

அஃப்ஸானாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ராஜமாணிக்கத்தின் கையில் இட்லி அப்படியே இருந்தது. "8080-ஐ என் கண்ணெதிர தானம்மா நிறுத்துன?"

"ஆமா சார். 8080-ஐத்தான் நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தினேன்." அஃப்ஸானா அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க போனதும் செட்டிங்ஸ்ல ஒரே ஒரு நம்பர மாத்தினேன். நேத்துலேர்ந்து அது 7117-ல ஓடுது. சென்னை ஹெட் ஆபீஸ் பார்க்கணும்னு வெளியேர்ந்து வழி ஏற்கனவே இருக்கு. அருணா கிட்ட குடுத்த சீட்டுல அந்த முகவரிதான் சார்."

டி.எஸ்.பி. கையை நீட்டினார். ராஜமாணிக்கம் இட்லியை வைத்துவிட்டு, தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இன்னும் எத்தினி நம்பர்ல இன்னா இன்னா ஓட வுட்டுக்கிற நீ?"

"மொத்தம் அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் நம்பர் இருக்கு சார். ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க... இனிமே உங்களுக்கு டைம் இருக்கும்."