ஏந்தி யார்?

காந்திபுரம் எறிரயில் நிலையத்தின் கதவு எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். பெயர் கேட்காது. ஊர் கேட்காது.

"ஏந்தி யார்?"

ரித்தீஷ் கையைத் தூக்கினார். கேள்வி முடிவதற்கு முன்பே தூக்கிவிட்டார் என்பதுதான் சரி. கொட்டாவி வந்தால் வாயைப் பொத்தப் போகிற கை மாதிரி, அது தானாகப் போகிற கை. கதவு பச்சை காட்டியது. அவர் மனைவி சம்யுக்தாவும் மகள் கோதையும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபடியே பின்னால் நுழைந்தார்கள்.

சேலை எடுக்க ஈரோடு. ஒரே ஒரு எறி. கவணில் கல்லை வைத்து விடுவது போல ரயிலைக் குழாய்க்குள் விடுவார்கள். பொட்டலம் காலியாவதற்குள் ஈரோடு வந்துவிடும். அம்மாவும் மகளும் பார்டர் அரக்கா, பச்சையா என்று சண்டை போட்டார்கள். ரித்தீஷ் மட்டும் ஓரத்து இருக்கையில் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பாவுக்கு ஏறுனதும் தூக்கம்," என்றாள் சம்யுக்தா. "கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன். ஒரு தடவையாச்சும் முழிச்சுட்டு வந்திருக்காரா?"

ஈரோட்டில் வண்டி நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார்.

"அந்தத் திருப்பூர்ப் பையனை மார்கழியில வரச் சொல்லு கண்ணு. சுத்திப் பாத்துரலாம்."

கோதை கடித்த பாதி முறுக்கைப் பொட்டலத்திலேயே திருப்பிப் போட்டாள்.

சுற்றிப் பார்ப்பது என்றால் ஒரு காலத்தில் ஊரைப் பார்ப்பது. இப்போது மாப்பிள்ளையைப் பார்ப்பது.

எறிரயில் வந்த புதிதில் அதில் ஏறிய யாரும் காய்ந்த சட்டையோடு இறங்கியதில்லை. மருத்துவர்கள் தலைசுற்றலை ஒழிக்கப் படாத பாடுபட்டார்கள். கடைசியில் அதை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று கண்டுகொண்டார்கள். காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு கருவி. செவிப்பொட்டு. கூட்டமாகப் பயணம் போனால் அத்தனை பேருடைய கிறுகிறுப்பும் ஒருவர் தலையில் போய் இறங்கும். மற்றவர்களுக்கு வேகம் மட்டும், காற்று மட்டும், குதூகலம் மட்டும். வாங்கிக்கொள்கிற அந்த ஒருவருக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏந்தி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்கு எதுகையாக எதைச் சேர்த்துக் கத்துவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பெனிப் பயணத்துக்குக் கூலி ஏந்திகள் கிடைப்பார்கள். வீட்டுப் பயணத்துக்கு வீட்டில் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். அநேகமாக எப்போதும் அதே ஒருவர்.

அதனால்தான் பெண்ணைக் கொடுக்கிறவர்கள் உஷாரானார்கள். சம்பளம் விசாரிக்கலாம், ஜாதகம் பார்க்கலாம். நாளைக்கு என் மகளோடு ரயில் ஏறும்போது இவன் கையைத் தூக்குவானா, தூக்கினால் தாங்குவானா? அதற்குத்தான் ஆழியாற்றுக்குப் பக்கத்தில் கிறுகிறுபுரி இருந்தது. மலையின் இடுப்பைச் சுற்றி ஓடுகிற பெரிய ராட்டினம், பெயரே ஒட்டியாணம். வெயில் காலத்தில் ஏந்திகள் மயங்கி விழுகிறார்கள் என்று அதை மூடிவிடுவார்கள். குளிர் வந்தால் திறப்பார்கள். மார்கழியில் கல்யாணமும் கிடையாது. முகூர்த்தம் தையில். நடுவில் சும்மா கிடந்த மாதத்தில் மாப்பிள்ளைகளைச் சுற்றவிட்டார்கள். மூன்று சுற்று. பெண் வீட்டாரின் தலைசுற்றல் மொத்தமும் பையன் தலையில். மூன்றையும் தாங்கினால் தையில் கெட்டிமேளம்.

அந்தத் திருப்பூர்ப் பையன் பரிதிக்கு ஊஞ்சலே ஒத்துக்கொள்ளாது.

வாராவாரம் திருப்பூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். அதைக் காதல் என்று கோதை ரொம்ப நாள் நினைத்திருந்தாள். பாதி காதல்தான். மீதி, பஸ் ஏறினால் சூலூர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான்.

"உங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லிடறேன்," என்றான் பரிதி. பேக்கரியில் இருவருக்கும் நடுவில் தேங்காய் பன் ஆறிக்கொண்டிருந்தது.

"சொல்லு. பையனுக்குத் திடமில்லைன்னு முடிச்சுருவாரு. தையில எனக்கு வேற எவனாச்சும் வந்து நிப்பான். நீ பந்தி பரிமாறு."

"அப்ப என்ன பண்றது?"

"திட்டம் போடறது." கோதை விரலை மடக்கினாள். "காலையில மொத சுத்துக்கே டிக்கெட் எடுத்தாச்சு. பனி இறங்கற நேரம், தலை சித்தே தாங்கும். எங்க அத்தை வர்றேன்னு குதிச்சாங்க. அவங்க ஒருத்தங்களே ரெண்டாளு கிறுகிறுப்பு. உங்களுக்குச் சளி புடிச்சுக்கும்னு சொல்லி வெட்டி விட்டாச்சு. முந்தின நாள் ராத்திரி வெறும் ரசஞ்சாதம். பைக்குள்ள இஞ்சி மொரப்பா. இப்ப எந்திரி."

"எதுக்கு?"

"அந்தச் சுத்துற ஸ்டூல்ல உக்காரு. பழகு."

உட்கார்ந்தான். சுற்றினாள். நாலாவது சுற்றில் அவன் முகம் அரைத்த புதினா நிறத்துக்கு வந்தது. பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, சுத்தறதுன்னா பன்னு திங்கறதுக்கு முன்னாடி சுத்துங்க. எனக்குக் கடை கழுவ ஆளில்லீங்க."

கோதை அவனிடம் சொல்லாத ஒரு திட்டமும் இருந்தது. செவிப்பொட்டை நகத்தால் அழுத்திப் பிடித்தால் இணைப்பு விட்டுப்போகும். தன் பங்குத் தலைசுற்றலைத் தானே வைத்துக்கொள்ளலாம். அவன் சுமை அந்த அளவுக்குக் குறையும். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தலை சுற்றியதே இல்லை. அப்படி என்ன பிரமாதமாகப் பண்ணிவிடப் போகிறது?

மார்கழிக் காலையில் கிறுகிறுபுரி பனிக்குள் பாதி மறைந்திருந்தது. வரிசை முழுக்கப் பட்டு வேட்டி கட்டிய பையன்கள், வெளிறிய முகத்தோடு. ஒட்டியாணத்தின் கதவு கேட்டது.

"ஏந்தி யார்?"

ரித்தீஷின் கை மேலே போனது.

"ஏனுங்க, இன்னிக்கு நீங்க இல்லைங்க," என்று சம்யுக்தா அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பரிதி கையைத் தூக்கினான். நால்வரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். இடுப்புப் பட்டை இறுகியது. கோதை தலைமுடியை ஒதுக்குகிற சாக்கில் காதுக்குப் பின்னால் நகத்தை வைத்து அழுத்தினாள்.

ராட்டினம் கிளம்பியது.

முதல் வளைவிலேயே அவளுக்கு உலகம் கழன்றது. மலை தலைக்கு மேல் வந்தது. வயிறு தொண்டைக்கு வந்தது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். மூடாவிட்டால் அதைவிட மோசம். சின்ன வயதில் இதே ஒட்டியாணத்தில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அடம் பிடித்து ஏறியிருக்கிறாள். பக்கத்தில் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று அவர் காதில் கத்தி எழுப்பிக்கூட இருக்கிறாள்.

இது ஒரு பங்கு. அப்பாவுக்கு மூன்று பங்கு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "ஊய்ய்ய்! ஏய்ய்ய்! அய்யய்யய்யோ!" யாரோ பொடியன் என்று நினைத்தாள். கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பினாள்.

அப்பா. இரண்டு கையும் வானத்தில். நரைமுடி நட்டுக்கொண்டு நிற்க, வாயெல்லாம் பல்.

சுற்று முடிந்து நின்றதும் அவர் முன்கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சம்யு, அந்த எறக்கத்தைப் பாத்தியா? வயித்துக்குள்ள கூசுது சம்யு! இது இப்படியா இருக்கும்?"

 சம்யுக்தா ராட்டினத்தைப் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "அப்ப இத்தனை வருஷமா நீங்க தூங்குனதில்லையா?"

"தூங்கறதுக்கு அது விட்டாத்தானே?" என்று சிரித்தார். "ரெண்டாவது சுத்துக்கு மணி அடிக்கறான் பாரு. தம்பி, ரெடிங்களா?"

பரிதி தலையை ஆட்டினான். வாயைத் திறக்கத் தைரியமில்லை. கையைத் தூக்கினான்.

இரண்டாவது சுற்றில் ரசஞ்சாதம் போயிற்று. இஞ்சி மொரப்பா போயிற்று. முந்தாநாள் தின்ற பன்கூடப் போயிருக்கும். சுமையை உதறுவதற்கென்று கம்பியில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அவன் அதன் பக்கமே போகவில்லை. கோதை தன் பங்கோடு போராடியபடி அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் அவள் அப்பா கூவிக்கொண்டே இருந்தார்.

நின்றது. மூன்றாவது மணி அடித்தது.

"ஏந்தி யார்?"

பரிதியின் கை மடியிலிருந்து எழுந்தது. மார்பு வரை வந்தது. அங்கேயே நின்று, விழுந்தது.

"மாமா," என்றான். "என்னால முடியலீங்க."

ரித்தீஷின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பின்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"சுத்து மூணுங்க தம்பி."

"தெரியுமுங்க மாமா. நாலாவது வளைவுலயே முடிஞ்சுதுங்க. நீங்க கத்துன சந்தோஷத்தைப் பாத்துட்டு எப்படி உதறறதுன்னு இருந்துட்டேன். இதுக்கு மேல உசுரில்லீங்க."

ரித்தீஷ் அவன் வெளிறிய முகத்தைப் பார்த்தார்.  கதவு மறுபடி கேட்டது. அவர் கை, கேட்டுப் பழகிய கை, தானாக மேலே போனது.

கோதை எட்டி அதைப் பிடித்தாள். பிடித்தவள் ஒரு கணம் விடாமல் இருந்தாள். உள்ளங்கையில் நாலு இடத்தில் தோல் காய்த்துக் கிடந்தது, பிறை பிறையாக. நகம் பதிந்து பதிந்து ஆன காய்ப்பு. இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ரோடு தாண்டக் கற்றாள். ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"கையை எறக்குங்கப்பா. ஏந்தி நான்."

"சும்மா இரு அம்முணி. உனக்குப் பழக்கமில்லை."

"ரெண்டு சுத்தாப் பழகிட்டுத்தான் இருக்கேன். என் பங்கை நான் குடுக்கவேயில்லை."

பரிதி திரும்பி அவளைப் பார்த்தான். "ஏய், அப்பவே சொல்றதுக்கென்ன!"

"நீ மொதல்ல வாயைத் தொடை."

"பொண்ணு ஏந்துனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் ரித்தீஷ். ஆனால் அவர் கண் இறக்கத்தின் பக்கம் போய்த் திரும்பியது. ஆசை. ஐம்பது வயது மனிதர் மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஆசை.

"நாலு பங்கும் தாங்குவியா?" என்றாள் சம்யுக்தா.

"தெரியலம்மா. தாங்காட்டி அடுத்தது நீ." கோதை செவிப்பொட்டிலிருந்து நகத்தை எடுத்தாள். கதவைப் பார்த்துக் கையை நேராக, உயரமாகத் தூக்கினாள். கதவுக்கு ஆணா பெண்ணா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பச்சை காட்டியது.

சம்யுக்தா காகிதப் பை ஒன்றைப் பிரித்து மகள் மடியில் வைத்தாள்.

நாலு பேர் தலைசுற்றல் என்பது நாலு மடங்கு அல்ல. அது வேறு ஒரு ஊர். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை, பெயர்கூட நினைவில்லை. கோதையின் நகங்கள் உள்ளங்கைக்குள் இறங்கின. பையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக் குனிந்தாள். அம்மாவின் கை வந்து அவள் நெற்றியைத் தாங்கியது. அவளுக்குக் காது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

முதலில் ஒரு குரல்தான் கேட்டது. அப்பாவுடையது. பிறகு அதோடு இன்னொன்று சேர்ந்தது. நடுங்கி, நம்பாமல், பிறந்ததிலிருந்து ஊஞ்சலுக்குக்கூடப் பயந்த ஒருவன் முதல் முறையாகக் கத்துகிற குரல். "மாமா! மாமா! பறக்குதுங்க மாமா!"

"அப்படித்தான்! கம்பியை விடுங்க! ரெண்டு கையும் மேல!"

"விழுந்துருவனுங்க!"

"நானிருக்கேன், விடுங்க மாப்ளே! எறக்கம் வருது, கத்துங்க மாப்ளே!"

அம்மாவின் விரல்கள் அவள் நெற்றியை அழுத்தின. "கேட்டியா கண்ணு? அப்பா என்ன சொல்லிக் கூப்பிட்டாருன்னு கேட்டியா?"

கோதைக்குப் பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. பையிலிருந்து முகத்தை எடுக்காமலே கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.